ரீச்சர் வீட்டுக்கு வாறா

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது எதை எழுதுவதென்று நாங்கள் இருவரும் சில நாட்கள் யோசித்தோம். நாங்கள் ஒரே வகுப்பில் படித்து, ஒரே விடுதியில் இருந்து, பின்னர் வவுனியா மாவட்டத்தில் ஒரே பாடசாலைக்கு முதல் நியமனம் பெற்றுப் போனவர்கள். கல்லூரியின் கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி எழுத எம்மிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இப்படி யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் லண்டனிலிருந்து எமது வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள்.

அவளுடைய பேத்திக்கு நான்கு வயது. வருகிற செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் சேரப் போகிறாள். அதற்கு முன் வகுப்பாசிரியையும் உதவி ஆசிரியையும் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அன்றைக்கு வீட்டில் நிற்கப் போவது இவள்தான்.

"என்னடி செய்யிறது? வடை சுடவோ? வீடு முழுக்கச் சாமானாக் கிடக்குது. சாமியறையைச் சாத்திவிடவோ? நீங்கள் ரெண்டு பேரும்தானே அந்தக் காலத்தில வீடு வீடாப் போனனீங்கள். சொல்லுங்கோவன்."

அன்று வாயில் வந்த இரண்டொரு வார்த்தையைச் சொல்லிவிட்டோம். ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. அதையே இங்கே எழுதுகிறோம். தோழியருள் பலருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. பலர் இன்றும் ஆசிரியைகளாக இருக்கிறீர்கள். படலைக்கு உள்ளே நிற்பவர்களுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் இதில் பங்குண்டு.

முற்றம் கூட்டிய நாட்கள்

எமது சிறுவயதில், 1960களில், "ரீச்சர் வாறாவாம்" என்ற செய்தி வீட்டுக்குள் வந்தால் முதலில் எழும்புவது ஆச்சிதான். முற்றம் ஒருமுறை கூட்டியிருந்தாலும் மறுபடி கூட்டுவா. சாணி கரைத்துத் திண்ணை மெழுகுவா. விறாந்தையில் ஒரு நல்ல கதிரைதான் இருக்கும். இன்னொன்று வேண்டுமென்றால் வேலிப் பொட்டால் அடுத்த வீட்டுக்கு ஆள் போகும். பெட்டகத்துக்குள் இருக்கும் பூவேலை செய்த மேசைவிரிப்பு அன்றைக்குத்தான் வெளிச்சம் காணும். கண்ணாடித் தம்ளர் துடைக்கப்படும். பயற்றம் பணியாரம் இருக்கிறதா என்று தகரப் பேணி திறந்து பார்க்கப்படும்.

எங்களைப் பிடித்து முழுக வார்த்து, தலையிழுத்து, கொப்பிகளுக்குப் பழுப்புக் கடதாசி உறை போட்டு ஒரு மூலையில் இருத்திவிடுவார்கள். ரீச்சர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கேட்போம். பாடசாலையில் பிரம்போடு காணும் அதே ஆள் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து, எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பது எங்களுக்குப் பெரிய அதிசயம். அடுத்த நாள் வகுப்பில் எங்களுக்குக் கொஞ்சம் மிடுக்கும் வந்துவிடும்.

எங்கள் வகுப்பில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்கு ரீச்சர் போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஏன் என்று அப்போது எமக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியோடு திரும்பிப் பார்த்தால் எமது நாட்டுப் பெண்கல்வியின் வரலாற்றையே வேறொரு பக்கத்தால் பார்க்கலாம்.

பிள்ளையைத் தேடி வந்த பள்ளிக்கூடம்

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளையைத்தான் ஆசிரியரிடம் கூட்டிப்போனார்கள். விஜயதசமியில் ஏடு தொடக்கி, வெற்றிலை பாக்கு வைத்து, தட்சணை கொடுத்து ஒப்படைத்தார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைக்குக் கல்வி வேண்டுமென்றால் யாராவது அவளுடைய வீட்டுப் படலையைத் தட்டவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அதை முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் மிஷனரிமார். அமெரிக்க மிஷன் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. முன்னின்றவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். பெண்பிள்ளையை அனுப்ப எவரும் இலகுவில் இணங்கவில்லை. கல்வி, உணவு, உடை எல்லாம் இலவசம் என்றார்கள். படித்து முடித்து மணம் செய்யும்போது சிறு சீதனமும் தருவதாகச் சொன்னார்கள். அப்படியும் தயக்கம் தீரவில்லை. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. அந்நியர் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை சாதி கெட்டுவிடும் என்ற பயம் மற்றது. இந்த இரண்டாவது பயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டில் யார் வாய் நனைப்பது என்ற கேள்வி எங்கள் கல்வி வரலாற்றில் தொடக்கத்திலிருந்தே கூட வருகிறது.

1840 இல் எலைசா அக்னியூ அம்மையார் நியூயோர்க்கிலிருந்து வந்து உடுவில் பாடசாலையைப் பொறுப்பேற்றார். 1879 வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், அங்கே தலைமை ஆசிரியையாக இருந்தார். ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் 1883 இல் இங்கேயே மறைந்தார். "ஆயிரம் புதல்வியரின் தாய்" என்று அவரைச் சொல்வார்கள். தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையினருக்குப் படிப்பித்தவர் அவர். விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் போய், மணமுடித்துப் போன பழைய மாணவியரை அவர்களுடைய வீடுகளிலேயே கண்டு வருவார். பழைய மாணவியர் சங்கம் என்ற ஒன்றைப் பற்றி எவரும் நினைக்காத காலத்தில், ஒரு ஆசிரியை தன் கால்நடையாலும் வண்டியாலும் அதைச் செய்திருக்கிறார். அவருடைய சமயப் பணியை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் பாடசாலையை விட்டுப் போன பெண்ணை மறக்கக்கூடாது என்று நினைத்தாரே, அதை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

சைவர்களும் பின்நிற்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெண்களுக்கென்று சேர் பொன். இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். நூற்றாண்டு காணும் எமது சங்கமும் இந்தத் தொடர்ச்சியில் வந்ததுதான்.

கதிரையும் வாங்கும்

அரசாங்கமும் படலை தட்டத் தொடங்கியது. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் பிள்ளைகளின் வரவைக் கட்டாயமாக்க வழி செய்தது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதை மேலும் விரித்தது. வரவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இடாப்போடு வருவார். ஆகவே வீட்டு வாசலில் வெள்ளை உடுப்போடு ஆள் வந்து நின்றால் விசாரணை என்ற எண்ணம் ஏழைகள் மனத்தில் பதிந்தது. ஒரே வருகைக்கு இரண்டு முகம் உண்டாகிவிட்டது. வசதியான வீட்டில் ரீச்சர் விருந்தாளி, வசதியற்ற வீட்டில் அதிகாரி.

இதற்கு மேல் சாதி. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தோ வெளியில் நின்றோதான் படித்தார்கள். 1920களின் இறுதியில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்கவேண்டும், சமமாக உண்ணவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தபோது, அதை எதிர்த்து மனுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், பாடசாலைகளைக் கொளுத்தியவர்களும் இருந்தார்கள். சம ஆசனம், சம போசனம் என்பது அந்த நாட்களின் பெரிய வழக்கு. வாங்கில் இருப்பதற்கே இவ்வளவு என்றால், ஆசிரியை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் இருந்து தேத்தண்ணி குடிப்பது எங்கே?

1945 ஒக்ரோபரில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. காசு என்ற தடை பெரிதும் விலகியது. ஆனால் எங்கள் வகுப்பிலிருந்த அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு 1960களிலும் ரீச்சர் போகவில்லை. சட்டம் வாங்கிலே இடம் பிடித்துக் கொடுத்தது. வீட்டுக் கதிரை மனிதர் மனத்தோடு சம்பந்தப்பட்டது.

பூவரசங்குளத்தில் நாங்கள்

1980களின் தொடக்கத்தில் எங்களுக்கு முதல் நியமனம் கிடைத்தது. பூவரசங்குளத்துக்கு அயலிலுள்ள ஒரு சிறிய பாடசாலை. வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் இ.போ.ச. பஸ்ஸில் போய் இறங்கி நடக்கவேண்டும். வன்னியில் ஊரின் பெயரே குளத்தின் பெயர்தான். குளம், வயல், வயலைச் சுற்றிக் காடு. கிணற்றடிக் கமுகும் நெருக்கமான வேலிகளும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த வெளி முதலில் பயம் தந்தது.

அக்காலத்தில் வவுனியா மாவட்டத்தின் குடியேற்றங்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இருந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1973, 1974 பஞ்சத்திலும், 1977 வன்செயலிலும் வாழ்விழந்து வந்தவர்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோர் அமைத்த காந்தீயம் அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. இளம் பெண்களைப் பயிற்றி ஊரூராகப் பாலர் பாடசாலைகளை நடத்தியது. 1983 ஏப்ரலில் அவர்கள் இருவரும் கைதானார்கள். அந்த ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டவர்களுள் இராஜசுந்தரமும் ஒருவர். அந்தப் பாலர் பாடசாலை ஆசிரியைகள் குடிசை குடிசையாகத் தெரிந்தவர்கள். பெரிய பாடசாலைக்கு வந்த எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எங்கள் பாடசாலையில் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் மாரி தொடங்கியதும் வரவு இடாப்பில் அவளுடைய பெயருக்கு நேரே சுழியங்கள் கூடிக்கொண்டு போயின. ஒரு சனிக்கிழமை காலை குடையும் குறிப்புப் புத்தகமுமாக இரண்டு பேரும் புறப்பட்டோம். வருகிறோம் என்று சொல்லியனுப்பவில்லை. சொன்னால் ஒளித்துவிடுவார்கள் என்று நினைத்தோம் போலும்.

தாய் வயலில் கூலி வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கால் முழங்கால்வரை சேறு. எங்களைக் கண்டதும் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினாள். மூத்த பையன் எங்கோ ஓடினான். சற்றுப் பொறுத்து, சந்திக் கடையிலிருந்து ஒரு கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். கதிரை ஒன்று, ரீச்சர் இரண்டு. எங்களில் ஒருத்தி இருந்தாள், மற்றவள் நின்றாள். அயலார் வேலியில் கூடிவிட்டார்கள்.

நாங்கள் கேட்டோம். ஏன் பிள்ளையை அனுப்புவதில்லை? எத்தனை பிள்ளைகள்? தகப்பன் என்ன வேலை? நாட்கூலி எவ்வளவு? கேட்டுக் கேட்டுப் புத்தகத்தில் எழுதினோம். எல்லாவற்றுக்கும் அவள் "அனுப்புறேங்க டீச்சர், அனுப்புறேங்க" என்று ஒரே பதிலைச் சொன்னாள். பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்க்கவே இல்லை.

பையன் மறுபடி ஓடி இரண்டு போத்தல் சோடா கொண்டுவந்தான். கடையில் கடனாகத்தான் வாங்கியிருப்பான். தாய் மூடியைத் திறந்து நீட்டினாள். அவளுடைய செலவை எண்ணி நாங்கள், "வேண்டாம் அம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்றோம். அவள் இரண்டாம் தரம் நீட்டவில்லை. போத்தல்களைக் கீழே வைத்தாள்.

பிள்ளை அதற்குப் பிறகு இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவே இல்லை.

பாடசாலையில் எங்களிலும் மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். அவ்வூர்க்காரி. நடந்ததைச் சொன்னோம். பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சோடாவைத் திறந்த பிறகு வேண்டாம் எண்டு சொன்னா அவையள் என்ன நினைப்பினம், பிள்ளையள்? தோட்டத்தில இருந்து வந்ததுகளின்ர கையால குடிக்க மாட்டினம் எண்டுதானே நினைப்பினம். யாழ்ப்பாணத்து ரீச்சர்மார் வேற."

எங்களுக்கு அந்த எண்ணம் கனவிலும் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தோம். சொல்லவில்லை. எங்கள் வீட்டு விறாந்தையில் யார் இருந்தார், யார் முற்றத்தோடு நின்றார் என்பது நினைவுக்கு வந்தது. எமது மனத்தில் இருந்ததோ இல்லையோ, அந்தத் தாய்க்கு எம்மைப் போன்றவர்களைப் பற்றிய பழைய அனுபவம் இருந்தது. அதை மாற்ற நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை.

இரண்டாம் முறை

இம்முறை ஆயத்தம் செய்ய வேண்டியவர்கள் நாங்கள் என்று மூத்த ஆசிரியை சொன்னார். முதலில், மூத்த பையனிடம் நாள் குறித்துச் சொல்லியனுப்பினோம்: "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாறம். அம்மாவிட்ட ஒரு உதவி கேக்கவேணும். கதிரை ஒண்டும் எடுக்க வேண்டாம்." அடுத்தது, குறிப்புப் புத்தகத்தைப் பாடசாலையிலேயே வைத்துவிட்டோம். மூன்றாவது, என்ன கேட்பது என்பதை யோசித்தோம். எங்கள் வகுப்புகளில் தேயிலையைப் பற்றிப் படிப்பிக்க வேண்டியிருந்தது. எங்களில் ஒருவருமே தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைத்தது கிடையாது.

போனோம். நிலம் மெழுகியிருந்தது. சாக்கு விரித்திருந்தார்கள். இருவரும் இருந்தோம். "தேயிலை பறிக்கிறது எப்பிடி எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கவேணும். எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித் தாறீங்களோ?" என்று கேட்டோம். அவள் எங்களை ஒரு கணம் பார்த்தாள், விளையாடுகிறோமோ என்று. பிறகு எழும்பி நின்று செய்து காட்டினாள். கூடையின் கயிறு தலையில் எங்கே விழும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளும்போது விரல் எப்படி மடியும், விடியற்காலைப் பெரட்டில் பேர் போடுவது, மழையிலும் மலை ஏறுவது. பிள்ளை தாயின் சேலையை விட்டு முன்னுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் ரீச்சருக்குப் படிப்பிப்பதை அவள் அன்றுதான் கண்டாள்.

பிறகு தேத்தண்ணி வந்தது. பால் இல்லை. "கடைத் தூள்தாங்க. இதெல்லாம் தேத்தண்ணியே இல்ல" என்று சிரித்தாள். குடித்தோம். இன்னும் கொஞ்சம் தரும்படி கேட்டோம்.

அந்த இரண்டாவது தேத்தண்ணிக்குப் பிறகுதான், நாங்கள் கேட்காமலே, விஷயம் வெளியே வந்தது. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை ஒன்றுதான். பின்னேரம் தோய்த்து இரவு காயவிட்டால் விடியப் போடலாம். மாரியில் காயாது. ஈரச் சட்டையோடு அனுப்பிக் காய்ச்சல் வந்தது. நிறச் சட்டையோடு அனுப்பினால் வாசலில் திருப்பிவிடுவார்கள் என்ற பயம். முதல் நாள் நாங்கள் எழுதிய இரண்டு பக்கத்தில் இந்த ஒரு சட்டை இல்லை.

அதிபருடன் பேசினோம். மாரி முடியும்வரை சிறு வகுப்புப் பிள்ளைகள் எந்தச் சட்டையோடும் வரலாம் என்று ஒழுங்காயிற்று. அடுத்த கிழமை அவள் ஒரு மஞ்சள் கவுணோடு வந்தாள். அவளோடு வேறு நான்கு பிள்ளைகளும் நிறச் சட்டையோடு வந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கவே இல்லை. இலவசச் சீருடை நாடெங்கும் கொடுக்கப்பட்டது 1993 இல்தான். அதுவரை எத்தனை மாரி, எத்தனை சுழியம் என்று இன்றும் நினைப்பதுண்டு.

கதவில்லாத வீடுகள்

பின்னர் வந்த ஆண்டுகளில் அந்த வீதி கண்டதை எல்லோரும் அறிவீர்கள். 2009 இல், மன்னார் வீதியில் பூவரசங்குளத்தைத் தாண்டி, செட்டிகுளத்துப் பக்கத்தில் மெனிக்பாம் முகாம்கள் எழுந்தன. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே தறப்பாள் கூடாரங்களில் இருந்தார்கள். முகாமுக்குள்ளேயே கொட்டகைகளில் பாடசாலை நடந்தது. படிப்பித்தவர்களுள் பலர் தாமே இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் பிள்ளைகள் அங்கிருந்தே பரீட்சை எழுதினார்கள். ரீச்சரின் கூடாரமும் பிள்ளையின் கூடாரமும் ஒரே வரிசை. ரீச்சரும் பிள்ளையின் தாயும் தண்ணீருக்கு ஒரே வரிசை. எவரும் எவருக்கும் கதிரை தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு இழந்த பிறகு கிடைத்த சமத்துவம் அது. யாரும் விரும்பிக் கேட்கக்கூடியது அன்று. 2012 செப்டெம்பரில் கடைசி முகாம் மூடப்பட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மறுபடி படலைக்குப் போக வேண்டி வந்தது. கைபேசியும் இணைப்பும் இல்லாத வீடுகளுக்குச் செயலட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியைகள் எமது சங்கத்திலும் இருக்கிறார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை எது, ஒரே அறையில் ஏழு பேரோடு இருந்து படிக்கும் பிள்ளை எது என்று பலர் அப்போதுதான் கண்டோம் என்கிறார்கள்.

கட்டாயக் கல்வி விதிகள் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை என்றும், 2016 இல் 16 வரை என்றும் வந்தன. பாடசாலை வரவுக் குழுக்களும் உண்டு. இடைவிலகும் பிள்ளையைத் தேடி இன்றும் ஆசிரியர்கள் போகிறார்கள். ஆகவே எங்கள் சோடாப் போத்தல் கதை பழங்கதை இல்லை. எங்கோ ஒரு முற்றத்தில் இன்றைக்கும் அது திறக்கப்படுகிறது.

மற்ற நாடுகளில்

யப்பானில் ஏப்ரலில் புதிய ஆண்டு தொடங்கியதும் வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் வருவது நெடுங்கால வழக்கம். ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து நிமிடம். அங்கேயும் தாய்மார் வாசலைத் துடைத்து, தேநீரும் இனிப்பும் வைத்துக் காத்திருப்பார்களாம். உபசாரம் வேண்டாம் என்று பாடசாலைகளே கடிதம் அனுப்ப வேண்டியிருக்கிறது. எங்கள் ஆச்சியைப் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் என்று எங்களுக்குச் சந்தோசம்.

அமெரிக்காவில் சக்ரமென்ரோ நகரில் 1998 இல் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து ஒரு முறையைத் தொடங்கினார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, குடும்பம் விரும்பினால் மட்டும், இருவராகப் போவார்கள். குழப்படிக்காரர் வீட்டுக்கு மட்டும் போவதில்லை. முதல் வருகையில் புள்ளி, குற்றம் எதுவும் பேசுவதில்லை. உங்கள் பிள்ளை எப்படி வரவேண்டுமென்று கனவு காண்கிறீர்கள் என்று கேட்பார்கள். பூவரசங்குளத்து மூத்த ஆசிரியை எங்களுக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவர் எந்தக் கருத்தரங்குக்கும் போனவரல்லர்.

தோழிக்கு எங்கள் பதில்

இனி லண்டன் தோழிக்கு. வடை சுட வேண்டாம், ஆனால் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வை. அவர்கள் வேண்டாமென்றால் மனம் நோகாதே. ஒரு நாளில் பல வீடு ஏறுகிறவர்கள் அவர்கள். சாமியறையைச் சாத்தாதே. பிள்ளை காலையில் அங்கே நின்று விபூதி பூசிக்கொள்வாள் என்றால் அதை ரீச்சர் தெரிந்திருப்பது நல்லது. சாமானை ஒதுக்குவதிலும் பார்க்க, பிள்ளைக்குப் பிடித்த விளையாட்டுப் பொருள் ஒன்றை அவள் கைக்கெட்ட வை. ரீச்சரை அவளே கூட்டிப்போய்க் காட்டட்டும்.

வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று தயங்காமல் சொல். பிள்ளை தண்ணீர் கேட்கவும், வெளிக்குப் போகவேண்டுமென்று சொல்லவும் என்ன சொல்லைப் பாவிக்கிறாள் என்று எழுதிக் கொடு. ஏதும் ஒத்துவராத சாப்பாடு இருந்தால் அதையும் சேர்த்து எழுது. அவளுடைய பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று தரம் சொல்லிக் காட்டு. நீ இங்கிலிசில் தடுமாறினால் தடுமாறு. அம்மம்மா தடுமாறியும் ரீச்சரோடு பேசுகிறா என்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.

ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். சொல்லியனுப்பிவிட்டுப் போங்கள். புத்தகத்தை வைத்துவிட்டுப் போங்கள். வரவு குறைந்த பிள்ளையின் வீட்டுக்குப் போனால் வரவு நிறைந்த பிள்ளையின் வீட்டுக்கும் போங்கள். அப்போது படலையில் உங்களைக் கண்டதும் யாரும் ஒளிக்கமாட்டார்கள். அந்தத் தாய்க்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். கொடுப்பதைக் குடியுங்கள்.

மஞ்சள் கவுணோடு வந்த பிள்ளை எட்டாம் வகுப்புவரை எங்களோடு படித்தாள். பிறகு வந்த இடப்பெயர்வில் எங்கெங்கோ போனார்கள், நாங்களும் போனோம். இந்தக் கட்டுரையில் அவளைப் பெரிய உத்தியோகத்தில் இருத்திக் காட்ட எங்களால் முடியாது. ஆனால் அந்தத் தாயிடம் படித்தபடியே, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலை மடித்துக் காட்டி, ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளுக்குத் தேயிலைப் பாடம் நடத்தினோம். யார் சொல்லித் தந்தது என்பதையும் ஒவ்வொரு ஆண்டும் சொன்னோம்.